ரெண்டு ஆளும் ஒரு கூடையும்

ஆரஞ்சுப் பைக்கு பெல்ட்டு மாட்டச் சொல்லி ஒரு காரு கத்தும்னு யாராச்சும் அந்தக் காலத்துல சொல்லியிருந்தா, போய் மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாடான்னு சொல்லியிருப்பனுங்க. போன வாரம் கத்துச்சு. என்ற மருமகப்புள்ள புது வண்டி. என்ற புள்ளையும் அவரும் முன்னால, நான் பின்னாடி. அடிவாரத்துல ஆரஞ்சு வாங்குனேன். ஏற்காட்டுக்காரன் கீழ ஆரஞ்சு வாங்கிட்டு மேல ஏறறான், இந்தக் கேவலத்தை எங்க போய் சொல்றது. எல்லாம் எந்தூர்லயோ வெளஞ்சது. அந்தப் பையை பக்கத்து சீட்டுல வெச்சேன், வண்டி கிய்யு கிய்யுன்னு ஆரம்பிச்சிருச்சு.

"மாமா, பையைக் கீழ வெச்சுருங்க. சீட்டு மேல கனம் பட்டா ஆளு உக்காந்திருக்குதுன்னு நெனச்சுக்கும்" அப்படீங்கறார் மருமகன்.

கீழ வெச்சேன். சத்தம் நின்னுருச்சு. ஆனா என்னால சும்மா உக்கார முடியலீங்க. எனக்கு எப்பவுமே அப்படித்தான். டீக்கடையிலகூட நின்னுக்கிட்டுத்தான் குடிப்பேன், பெஞ்சு காலியா இருந்தாலும். வண்டி வளைவு ஏற ஏற என்ற இடது காலு தானா கிளச்சைத் தேடுது. அந்த வண்டியில கிளச்சே இல்லியாமா. கியரை அதுவே மாத்திக்குதாம். அப்பறம் மனுசனுக்கு அதுக்குள்ள என்ன சோலி?

மருமகன் வளைவுக்கு வளைவு வண்டிப் பெருமைதான். "இதுக்கும் என்ற சிநேகிதன் வண்டிக்கும் ஒரே இஞ்சினுங்க மாமா. ரெண்டையும் ஒட்டுக்கா ஒரே எடத்துல குடுத்து டியூன் பண்ணுனோம். ஆனா அவனுது கனம் சாஸ்தி. ஏத்தத்துல நம்முளுதுதான் முந்திக்கும்."

கனம்னு அந்த ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, எனக்கு சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா புள்ள திரும்பிப் பாக்குது. ஒண்ணுமில்ல கண்ணுன்னேன். ஒரு ஆரஞ்சை எடுத்து உரிச்சேன். தோலு வாசம் மூக்குல ஏறுச்சு. அவ்வளவுதான், புது வண்டி போயிருச்சு, ஏசி போயிருச்சு. டீசல் நாத்தமும் ஆரஞ்சுத் தோலு வாசமும் கலந்து ஒரு வாசம் வருமுங்க, அது வந்துருச்சு.

அந்த வாசம் என்ற சம்சாரம் பூவாயி வாசம். அவளுக்கு வண்டி ஏறுனா கொமட்டும். மலையிலயே கிளியூருல பொறந்து வளந்தவதான், ஆனாலும் ஒரு வளைவு திரும்புனா மூஞ்சி வெளுத்துரும். ஆனா சேலத்துக்கு நான் வண்டி எடுத்தா அவளும் வருவா. வந்தா ஆரஞ்சுத் தோலைக் கசக்கி மூக்குல வெச்சுக்கிட்டு, புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, முன் சீட்டுல எனக்குப் பக்கத்துல. அம்பாசடருக்கு முன்னாடி சீட்டு பெஞ்சு மாதிரி நீளமா ஒண்ணுதான். கியரு ஸ்டேரிங்குக்குப் பக்கத்துலயே இருக்கும். அதனால நடுவுல ஒண்ணும் இடிக்காது. புருசன் பொண்டாட்டி ஒட்டிக்கிட்டு உக்காரலாம். இப்பத்த வண்டியில ரெண்டு பேத்துக்கும் நடுவுல செவுரு மாதிரி ஒரு பொட்டியக் கட்டி வெச்சிருக்கான்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லீங்க. எஸ்டேட்டு லாரியில கிளீனரா ஏறி, ஸ்டேரிங்கைப் புடிச்சு, எப்படியோ ஒரு பழைய அம்பாசடரை வாங்கி ஏற்காடு ஒண்டிக்கடை டாக்சி ஸ்டேண்டுல கொண்டாந்து போட்டுட்டேன். எழுத்துன்னா எனக்குத் தெரிஞ்சது என்ற வண்டி நம்பரு மட்டுந்தான். பக்கத்து வண்டி காதர் பாயிது. அவுங்க அத்தா காலத்துல இருந்து ஏற்காட்டுல மளிகைக்கடை. இவருக்கு தராசு புடிக்கப் புடிக்காம வண்டி வாங்கிட்டாரு. அவரும் அம்பாசடரு, எம்பட வயசுதான். என்னை மாப்ளைம்பாரு, நான் அவரை மாமாம்பேன்.

ரெண்டு வண்டிக்கும் பெட்ரோல் இஞ்சினைக் கழட்டி டீசல் இஞ்சின் வெச்சது ஒரே வாரத்துல. சேலம் செவ்வாப்பேட்டையில லூர்து மேஸ்திரின்னு ஒருத்தர். திருப்புளியோட ஒரு முனைய இஞ்சின்ல வெச்சு மறு முனையக் காதுல வெச்சுக் கேப்பாரு, டாக்டர் மாதிரி. ஒரே மாதிரி பம்பு, ஒரே மாதிரி நாசில், டேப்பட்டு டைமிங் எல்லாம் ஒரே வெப்பு. "ரெட்டப் புள்ளடா, எது எவனுதுன்னு ஸ்டார்ட்டு பண்ணிக் கேட்டா எனக்கே தெரியாது" அப்படீன்னாரு.

ரெட்டப் புள்ளதான். ஆனா ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு நொண்டுது. மலை ஏறறப்ப காதர் பாய் வண்டி மூணாவது கியர்லயே முக்கி முக்கிப் போயிருமுங்க. என்றது அதே எடத்துல ரெண்டுக்கு வரும். சில வளைவுல ஒண்ணுக்கும் வரும். ரெண்டுலயே ஏத்துனா இஞ்சின் சூடாகி ரேடியேட்டர் கொதிக்கும். கொதிச்சா ஓரங்கட்டி, தண்ணி ஊத்தி, ஏறுன ஆளுங்க எல்லாம் எறங்கி நின்னு கொரங்கு பாப்பாங்க. நான் ரோட்டுல மேலயும் கீழயும் நடப்பேன். அந்நேரம் பாத்து காதர் பாய் கைய வெளிய நீட்டி, "ஏனுங்க மாப்ள, வண்டிக்குள்ள பாறாங்கல்லு கீது போட்டு வெச்சிருக்கீங்களா?" அப்படீன்னு கேட்டுட்டுப் போவாரு. ஏறுன ஆளுங்களும் சிரிப்பாங்க, என்ற வண்டியில ஏறுனவங்களே!

எங்க ஸ்டேண்டுல லோடுக்கு கிலோக் கணக்கு கிடையாதுங்க. ஆளுக் கணக்குத்தான். காப்பி மூட்டை ஒண்ணுன்னா ஒரு ஆளு. மொளகு மூட்டையும் ஒரு ஆளு. மாரமங்கலத்துல இருந்து "மூணு ஆளு, நாலு மூட்டை"ன்னு சொல்லி உட்டா, ஏழு ஆளு லோடு. ஆரஞ்சுக் கூடையை மட்டும் கூடைன்னே சொல்லுவோம். இதுல டிரைவரு சேத்தி இல்ல. டிரைவரு வண்டியோட சாமான், ஸ்டேரிங்கு மாதிரி. டிரைவரோட ஊட்டு ஆளு ஓசியில வந்தா அதுவும் சேத்தி இல்ல. போலீசுக்காரர் நிறுத்தி எத்தனை ஆளுய்யான்னா, நான் பொஞ்சாதி புள்ளையோட உக்காந்துக்கிட்டே "ஏழு ஆளுங்க சாமி"ம்பேன். பொய் சொல்றோம்னே தோணாது. கணக்கு அப்படி.

இது இப்படி இருக்க, மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல நிரந்தரமா ஒரு வண்டி வேணும்னாங்க. லீவு உட்டா புள்ளைங்கள சேலம் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் உடோணும், கூட்டியாரோணும், நடுவுல சிஸ்டருங்களுக்கு ஆஸ்பத்திரி, கடை. வருசம் முச்சூடும் ஓட்டம். கன்னியாஸ்திரி மதரு ஒருத்தங்க, ஸ்டேண்டுக்கே வந்து எங்க ரெண்டு வண்டியையும் பாத்தாங்க. "ரெண்டுலயும் ஒவ்வொரு நாள் வாரேன். எது நல்லா ஏறுதோ அது"ன்னுட்டாங்க.

எனக்கு அது வெறும் ஓட்டம் இல்லீங்க. என்ற மாமனாரு கிளியூருல குடியிருந்தாலும் சொந்த ஊரு நாமக்கல் பக்கம். அந்தப் பக்கம் லாரிதான் பொழப்பு. "மலையில வண்டி வெச்சுக்கிட்டு கொரங்கு மேய்க்கறீங்க. பொங்கலுக்குள்ள நெலையா ஒரு ஓட்டம் அமையலீன்னா வண்டிய வித்துப்போட்டு பம்பாய் லாரியில ஏறிக்குங்க மாப்ள" அப்படீன்னு சொல்லிட்டாரு. நானும் ஆகட்டுங்கன்னு தலையாட்டிட்டேன். பம்பாய் லாரின்னா போனா எப்ப வருவோம்னு தெரியாது. பூவாயி அன்னைக்கிருந்து நான் வண்டி எடுத்தா, கொமட்டுனாலும் பரவால்லன்னு எல்லா நடைக்கும் வந்து ஏறிக்கிட்டா.

ஒரே இஞ்சின், ஒரே மேஸ்திரி, அப்பறம் எது இழுக்குது? லூர்து மேஸ்திரிகிட்ட போய் நின்னேன். மறுபடியும் திருப்புளியக் காதுல வெச்சாரு. "இஞ்சின்ல ஒண்ணுமில்லடா. கனத்தைப் பாரு" அப்படீன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

காதர் பாய்தான், "வாங்க மாப்ள, ரெண்டையும் எடை போட்டுருவம். மதருக்கு முன்னாடி நீங்க கொதிச்சு நின்னா எனக்கும் அசிங்கந்தான்" அப்படீன்னாரு. போட்டிக்காரன் பேசற பேச்சா இது? ஆனா அவரு அப்படித்தான்.

சேலத்துல லாரி எடைமேடை. மொதல்ல காதர் பாய் வண்டிய ஏத்தி நிறுத்திட்டு, எறங்கி பீடி பத்த வெச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. எடை போடறவரு ரூமுக்குள்ள உக்காந்து முள்ளைப் பாத்தாரு. அப்பறம் என்ற வண்டி. எனக்கு பேட்டரி வீக்கு. ஆப் பண்ணுனா தள்ளித்தான் ஸ்டார்ட்டு பண்ணோணும். அதனால ஆக்சிலேட்டர்ல கால வெச்சபடிக்கு உக்காந்துக்கிட்டேன். பூவாயி கண்ண மூடி, தோலை மூக்குல வெச்சு, புள்ளையக் கட்டிக்கிட்டு சாஞ்சிருந்தா. எடைக்காரர் ரெண்டு நம்பரையும் சத்தம் போட்டுச் சொன்னாரு. எனக்கு நம்பரு மண்டையில ஏறாது. காதர் பாய் மளிகைக்கடைக்காரர் மகன், தராசு புடிக்காட்டியும் கணக்குப் புடிபடும். யோசிச்சு, "மாப்ள, உங்க வண்டி ரெண்டு ஆளும் ஒரு கூடையும் கூட நிக்குது" அப்படீன்னாரு.

ரெண்டு ஆளும் ஒரு கூடையும்! எறங்கவே எறங்காம என்ற வண்டிக்குள்ள எந்நேரமும் ரெண்டு ஆளு உக்காந்து வாராங்க, மடியில ஒரு கூடைய வெச்சுக்கிட்டு! எனக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிருச்சுங்க.

ஊட்டுக்கு வந்ததும் வராததுமா கழட்ட ஆரம்பிச்சேன். மேல கேரியர் போச்சு. முன்னால பின்னால பம்பர் போச்சு. ஸ்டெப்னிய எடுத்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில போட்டேன். அடுப்புக்குப் பக்கத்துல கேரியர், வாசப்படியில பம்பர். பூவாயி தாண்டித் தாண்டி நடக்கறா. தூக்கித் தூக்கிப் பாக்கறேன், எல்லாஞ் சேந்தும் ஒரு ஆளு வரமாட்டேங்குது. அப்பத்தான் தரையைப் பாத்தேன்.

மலைச் சாரலுக்கு அம்பாசடருக்கு மொதல்ல உளுத்துப் போறது தரைத் தகடுதான். அந்தப் புள்ள வயித்துல இருக்கறப்ப, கரடியூர் போற வழியில, பூவாயி கால் வெச்ச எடம் பொத்துக்கிட்டு செருப்பு ரோட்டுல உழுந்துருச்சு. கால் தப்புனதே பெருசு. அன்னைக்கே டிங்கரிங்காரரைக் கூட்டியாந்து, லாரிக்குப் போடற தடித் தகடு வாங்கி முன்னயும் பின்னயும் வெல்டிங்குல பத்த வெச்சேன். ஆனை மிதிச்சாலும் அசையாது. ஓஹோ, இங்கதான் உக்காந்திருக்கறீங்களா ரெண்டு பேரும்னு, டிங்கரிங்காரரை மறுபடியும் கூப்புட்டு, பின்னாடித் தரையை மொத்தமா அறுத்து எடுத்துட்டேன். எஸ்டேட்டுல கெடந்த சில்வர் ஓக்கு பலகைய வாங்கி அடுக்கி, மேல சாக்கைப் போட்டு மூடிட்டேன். சில்வர் ஓக்கு கனமே இருக்காது. நிழலுக்கு நடற மரம்.

காதர் பாய் நாள் நல்லபடியா முடிஞ்சுது. மதரு அவரு வண்டியில ஏறி, எங்கயும் நிக்காம மேல வந்தாங்களாம். மறுநாள் என்றது.

அன்னைக்குப் பொழுதோட வாசல்ல உக்காந்து தகட்டைக் கையில தட்டிப் பாத்துக்கிட்டு, "இது ஒரு ஆளுதான் வரும் போல. இன்னொரு ஆளு எங்க? கூடை எங்க?"ன்னு பொலம்பிக்கிட்டு இருந்தேன். பூவாயி புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தவ கை அப்படியே நின்னுருச்சு.

"ஏனுங்க, எடை போட்டப்ப நீங்க எறங்குனீங்களா?"

"நான் எதுக்குடி எறங்கோணும்? பேட்டரி வீக்கு."

"நானும் எறங்கலீங்களே."

"அதுக்கென்ன இப்ப?"

அவளுக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. சோத்துக் கையோட என்ற நெஞ்சுல ஒரு குத்து. "இது ஒரு ஆளு." அவ நெஞ்சைத் தொட்டு, "இது ஒரு ஆளு." புள்ளைய அக்குள்ல கை குடுத்து மேல தூக்கி, "இதா உங்க கூடை!"

நான் தகட்டைப் பாக்கறேன், புள்ளையப் பாக்கறேன். புள்ளை வாயில சோத்தோட கெக்கெக்கேன்னு சிரிக்குது. டிரைவரு கணக்குல இல்ல, ஊட்டு ஆளு கணக்குல இல்லன்னு சொல்லிச் சொல்லி, எங்களுக்கும் கனம் உண்டுங்கறதே காதர் பாய்க்கும் தோணல, எனக்கும் தோணல. காதர் பாய் வண்டித் தரையிலயும் இதே தகடுதான்ங்கறதும் அப்பத்தான் ஒறைச்சுது. ஓடுனேன் டிங்கரிங்காரர் ஊட்டுக்கு, தகட்டை மறுபடியும் பத்த வெக்க. பூட்டிக் கெடக்குது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாராம். மழை வேற புடிச்சுக்கிச்சு.

"அப்ப வண்டியிலயும் ஒண்ணுமில்ல, கனத்துலயும் ஒண்ணுமில்ல. எதுதான் இழுக்குது?"ன்னேன்.

"உங்க கையிதான். உங்களுக்குத்தான் ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாதே. வண்டி லேசா மொனகறதுக்குள்ள கியரை மாத்திப்போடறீங்க. காதர் அண்ணன் மொனக உடறாரு. நாளைக்கு நான் வாரேன்" அப்படீன்னா.

மறுநாள் சேலம் ஸ்டேசன்ல மதரு, இன்னொரு சிஸ்டரு, அப்பறம் டிரங்கு பொட்டிங்க, அரிசி மூட்டை எல்லாஞ் சேத்து ஏழு ஆளு லோடு. பூவாயியும் புள்ளையும் முன்னால, வழக்கம் போலக் கணக்குல இல்லாம. மதரு புள்ளைக்கு பிஸ்கட்டு குடுத்தாங்க. மழை கொட்டுது. மண்ணு சரிஞ்சு ரோடெல்லாம் செவப்பா ஓடுது.

வழக்கமா நான் ரெண்டுக்கு வார வளைவு வந்துச்சு. இஞ்சின் மொனகுச்சு. கை தானா கியருக்குப் போச்சு. பூவாயி கை என்ற கை மேல வந்து உக்காந்துக்கிச்சு.

"இருங்க."

"சாவுதுடி வண்டி!"

"சாவாது. இருங்க."

ஸ்டேரிங்கு நடுங்குது, கண்ணாடி நடுங்குது, எனக்குப் பல்லெல்லாம் நடுங்குது. உதறிட்டு மாத்திரலாம்னு கையி துடிக்குது. அவ அழுத்திப் புடிச்சிருக்கா, இன்னொரு கையில ஆரஞ்சுத் தோலு. இன்னொரு மூச்சுல நின்னுரும்னு நெனச்சேன் பாருங்க, வண்டி அடித்தொண்டையில ஒரு சத்தம் போட்டு, மெல்ல, மெல்லத் தூக்குச்சு. மூணுலயே! அடுத்த வளைவு. அடுத்தது. நான் ஒரு எடத்துல அத்தனை நேரம் அடங்கி உக்காந்தது என்ற ஆயுசுல அதுதானுங்க. ஒண்டிக்கடை வந்து நின்னப்ப ரேடியேட்டர்ல ஒரு பொட்டு ஆவி இல்ல. காதர் பாய் கொடையோட ஓடியாந்து பானட்டைத் தொட்டுப் பாத்துட்டு, "மாப்ள, அடிச்சுட்டீங்க!"ன்னாரு.

மதரு கதவைத் தொறந்து எறங்குனாங்க. வெள்ளை உடுப்பு, முட்டிக்குக் கீழ முச்சூடும் செவப்பு. பலகைச் சந்து வழியா சேத்துத் தண்ணி வழி நெடுக அடிச்சிருக்குது. அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலீங்க வழியில. கொழாயில காலைக் கழுவிட்டு வந்து, திட்டவெல்லாம் இல்ல, பதனமாத்தான் கேட்டாங்க: "டிரைவர், வண்டி நல்லா ஏறுது. ஆனா புள்ளைங்க காலை எங்க வெக்கும்?"

அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதிலு ஊட்டு வாசல்ல கெடந்துச்சு, தடித் தகடா. நாளைக்கே பத்த வெச்சுர்றேன்னு சொல்லியிருக்கலாம். நான் டிரங்கு பொட்டிங்களை எறக்கப் போயிட்டேன். ஓட்டம் காதர் பாய்க்குப் போச்சு. அவரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, "நான் வேண்டான்னு சொல்லிரட்டுங்களா மாப்ள?"ன்னாரு. "சொன்னீங்கன்னா அந்த பம்பரை எடுத்து மண்டையிலயே போட்டுருவேன்"னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவருக்குக் கண்ணுல தண்ணி நின்னுச்சு.

பொங்கல் வந்துச்சு. வண்டிய வித்தேன். பம்பாய் லாரியில ஏறப் போற அன்னைக்கு பூவாயி ஸ்டேண்டு வரைக்கும் வந்தா. போயிட்டு வாங்கன்னு சொல்லல. "எடை போடறப்ப எறங்கிக்கங்க" அப்படீன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. முந்தானையில மூஞ்சியத் தொடச்சது அப்பறம்.

அதுக்கப்பறம் எத்தனை எடைமேடை ஏறியிருப்பேன்! வட நாட்டுல, மழையில, வெயில்ல. எடைக்காரன் உக்காருய்யா, ஒரு ஆளுல என்ன ஆயிரும்பான். எறங்கி ஓரமா நிப்பேன். லாரிக்காரனுக்கு ஊடு ஒரு சத்திரம். வருவேன், ரெண்டு நாள் இருப்புக் கொள்ளாது, போயிருவேன். புள்ள வளந்ததை மொத்தமாப் பாத்ததே இல்ல, தவணையிலதான் பாத்தேன். எங்க மூணு பேரையும் ஒட்டுக்கா ஒரே மேடையில வெச்சு எடை போட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்ப ஒண்டிக்கடையில அம்பாசடர் ஒண்ணுகூட இல்ல. லூர்து மேஸ்திரி பட்டறை எடத்துல துணிக்கடை. காதர் பாய் போய்ச் சேந்துட்டாரு. அவரு வண்டி ரொம்ப நாள் ஊட்டுக்குப் பின்னால கோழி அடைச்சுக் கெடந்துச்சு, அப்பறம் அதுவும் காணோம். தோட்டத்து ஆரஞ்சு மரமெல்லாம் பட்டுப் போயி, மலையில நல்ல ஆரஞ்சுத் தோலு வாசம் புடிச்சே காலமாச்சு. பூவாயியும் இல்லீங்க. நான் லாரிய உட்டுட்டு நெலையா ஊட்டுல உக்காந்தப்பறம் அவ இருந்தது கொஞ்ச நாளுதான்.

மருமகன் இன்னும் கனத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. வளைவு வந்துச்சு. வண்டி ஒரு மொனகல் இல்லாம ஏறுது. முன் சீட்டுல அந்தக் கூடை உக்காந்திருக்குது, தலையில நரை எட்டிப் பாக்குது. எனக்குப் பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. கீழ வெச்ச பையை எடுத்து மறுபடியும் அதும் மேல வெச்சேன்.

கத்துச்சு.

"அப்பா, அந்தப் பையிங்க" அப்படீன்னு புள்ள திரும்புச்சு.

"இருக்கட்டும் கண்ணு. மேல போற வரைக்கும் கத்திக்கிட்டு வரட்டும்"னேன்.